சொட்டும் சீலும் சொட்டாத சீலும்

பாய்மரப் படகுக்கு எஞ்சின் எதற்கு என்று கேட்பவர், எதிர்க்காற்று அடிக்கும் நாளில் ஒரு குறுகலான படகுத்துறைக்குள் பாயை மட்டும் நம்பி நுழைந்து பார்க்கட்டும். முப்பதடி, நாற்பதடிப் பாய்ப்படகுகளில் இன்று எஞ்சின் இல்லாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எஞ்சின் வந்ததும் கூடவே நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு துளையும் வந்துவிட்டது. படகின் அடியில் வேறு துளைகளும் உண்டு. கழிப்பறைக்கு ஒன்று, எஞ்சின் குளிர்நீருக்கு ஒன்று. அவற்றுக்கெல்லாம் வால்வு இருக்கிறது, மூடிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். புரொப்பெல்லர் தண்டு வெளியே போகும் துளைக்கு வால்வு கிடையாது. இரவும் பகலும் திறந்தே கிடக்கும் அந்தத் துளைக்குள் உலோகத் தண்டொன்று நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. கடலை வெளியே நிறுத்துவது தண்டைச் சுற்றியுள்ள சீல் ஒன்றே.

எந்தச் சீல் நல்லது என்பது படகுக்காரர்களிடையே தீராத வழக்கு. தண்டைச் சுற்றிக் கயிறு திணித்த, சொட்டும் பழைய பேக்கிங்கே போதும் என்பார் ஒருவர். பில்ஜ் என்ற படகின் அடிப்பள்ளம் காய்ந்து கிடக்க வேண்டும், சொட்டாத சீல்தான் வேண்டும் என்பார் மற்றவர். இரு தரப்பின் வாதங்களையும் படித்து, இரு வகைச் சீல்களும் எப்படிக் கெடுகின்றன என்று பார்த்துவந்தால், வழக்கே தப்பான இடத்தில் நடப்பதாகத் தோன்றுகிறது. சீல் தானாகக் கெடுவது குறைவு. தண்டு நேராக இல்லாததும் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் தொய்ந்ததும் குழாய் கிளிப் அரித்ததும் சேர்ந்து அதைக் கெடுக்கின்றன. சீல் வாங்கும் பணத்தையும் கவனத்தையும் முதலில் அலைன்மென்ட்டுக்கு, அதாவது எஞ்சினையும் தண்டையும் ஒரே கோட்டில் நிறுத்துவதற்கு, கொடுக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி.

பேச்சுக்கு ஒரு படகு வேண்டுமே. கலிபோர்னியாவில் ஃபிராங்க் பட்லரின் கேட்டலினா நிறுவனம் 1970-களின் நடுவிலிருந்து பல்லாண்டு கட்டிய கேட்டலினா 30 மாதிரி ஒன்றை வைத்துக்கொள்வோம். ஆறாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட படகு அது. இந்த அளவுப் படகில் கியர்பாக்ஸின் பின்னால் ஒரு வட்டத் தட்டு இருக்கும். தண்டின் முன்முனையிலும் அதேபோல் ஒரு தட்டு. இரண்டும் நான்கு போல்ட்டால் இணைவதுதான் கப்ளிங். அங்கிருந்து ஏறக்குறைய ஓர் அங்குலத் தடிமனுள்ள தண்டு சரிவாக இறங்கி, சீலுக்குள் நுழைந்து, படகின் உடலோடு பதித்த ஸ்டெர்ன் டியூப் வழியே வெளியே போய், ஸ்ட்ரட் என்ற வெண்கலக் காலில் உள்ள பேரிங்கில் தாங்கி நின்று, புரொப்பெல்லரில் முடிகிறது. சீல் நேராக ஸ்டெர்ன் டியூபில் உட்காருவதில்லை. நடுவே ஒரு தடித்த ரப்பர் குழாய், இரு முனையிலும் கிளிப்புகள். அந்த ரப்பர் துண்டுக்கு விளம்பரம் கிடையாது. படகைக் காப்பதில் சீலுக்கு இணையான பங்கு அதற்கும் உண்டு.

நீரோடு உறவாடும் தண்டைச் சுற்றி அடைப்பது புரொப்பெல்லரைவிடப் பழைய சிக்கல். இங்கிலாந்தின் சாமுவேல் மோர்லண்ட் 1670-களிலேயே தம் பம்பில் இத்தகைய அடைப்பைக் கையாண்டார். ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சினிலும் பிஸ்டன் தண்டைச் சுற்றிச் சணல் திணித்திருந்தது. ஆகவே, பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித்தின் திருகு புரொப்பெல்லரோடு ‘ஆர்க்கிமிடீஸ்’ 1838-இல் நீரிறங்கியபோது சீல் ஏற்கெனவே கையிருப்பில் இருந்த பொருள். திருகுக் கப்பல்களைத் திணறடித்தது பேரிங். இரும்புத் தண்டு பித்தளையில் உரசி மளமளவென்று தேய்ந்தது, தண்டு ஆடியது, ஆடிய தண்டைச் சுற்றி எவ்வளவு திணித்தாலும் நீர் நிற்கவில்லை. 1854-இல் ஜான் பென், லிக்னம் வைட்டே என்ற கடினமான, தானே எண்ணெய்ப்பசையுள்ள மரத்தின் பட்டைகளை இடைவெளி விட்டு அடுக்கிப் பேரிங் செய்தார். இடைவெளியில் கடல்நீர் ஓடி மசகாகியது. 1920-களில் கலிபோர்னியாவில் சார்லஸ் ஷெர்வுட் என்ற சுரங்கப் பொறியாளர், தேய்ந்த பம்ப் பேரிங்குக்குப் பதிலாக ரப்பர் குழாய்த் துண்டை வைத்துப் பார்த்தார். மணல் கலந்த நீரிலும் அது உலோகத்தைவிட அதிகம் தாங்கியது. இன்று ஸ்ட்ரட்டில் இருக்கும், உள்ளே ரப்பர் வரிகளும் நீரோடும் பள்ளங்களும் கொண்ட கட்லெஸ் பேரிங் அதன் வாரிசு. ஆக, சீலின் வரலாற்றில் பெரிய முன்னேற்றங்கள் இரண்டும் பேரிங்கில் நடந்தவை. நம் கட்சிக்கு இது முதல் சாட்சி.

பேக்கிங் வகையை நம் ஊரில் நீட்டி விளக்க வேண்டியதில்லை. கிணற்று மோட்டாருக்குக் கிளாண்ட் கயிறு மாற்றியவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. ராமேசுவரத்திலும் நாகப்பட்டினத்திலும் விசைப்படகுகளின் தண்டைச் சுற்றிப் பெரும்பாலும் இதுவே இருக்கிறது. வெண்கலப் பெட்டி ஒன்று, அதற்குள் மெழுகு தோய்ந்த, சதுர வெட்டுள்ள பின்னல் கயிற்றில் மூன்று நான்கு வளையங்கள், அவற்றை அமுக்க ஒரு பெரிய நட்டு, அது கழலாமல் பிடிக்க இன்னொரு நட்டு. கயிற்றின் அளவை ஊகிக்க வேண்டாம். பெட்டியின் உள்விட்டத்திலிருந்து தண்டின் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் வந்துவிடும்.

வளையம் வெட்டுவதில்தான் கை தெரியும். படகுக்குள் குனிந்துகொண்டு வெட்டக்கூடாது. தண்டின் அதே விட்டமுள்ள ஒரு குழாயை மேசைமேல் வைத்து, அதைச் சுற்றிக் கயிற்றை முறுக்கின்றி இறுக்கிப் பிடித்து, கூரிய பிளேடால் 45 பாகையில் சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டிய துண்டைச் சுற்றிப் பார்த்தால் சாய்ந்த இரு முனையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, விளிம்பு எழும்பாமல் உட்கார வேண்டும். இடைவெளி விழுந்தாலும் முனைகள் ஏறிக்கொண்டாலும் அந்தத் துண்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். முதல் வளையத்தின் சேர்முகம் கடிகாரத்தின் பன்னிரண்டில் இருந்தால் அடுத்தது நான்கில், மூன்றாவது எட்டில். ஒவ்வொன்றையும் தனித்தனியே அடிவரை தள்ளி உட்கார்த்திய பிறகே அடுத்தது. வளையம் வெட்டச் சோம்பி, ஒரே நீளக் கயிற்றைச் சுருளாகச் சுற்றித் திணிப்பவர்கள் உண்டு. சுருளின் பாதையே நீருக்கும் பாதை. அதற்கும் முன்னால், பழைய கயிற்றைக் கொக்கியால் கடைசித் துணுக்கு வரை எடுத்தாக வேண்டும். அடியில் கருகி ஒட்டிக் கிடக்கும் ஒரு வளையத்தை விட்டுவிட்டு அதன்மேல் புதியதைத் திணித்தால் வேலை பாதிதான்.

தண்டு சுழலும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விழ வேண்டும். நிற்கும்போது நின்றுவிட வேண்டும், அல்லது அதற்கு அருகில். சொட்டும் நீர்தான் கயிற்றைக் குளிரவைக்கிறது. ஒரு சொட்டைச் சுமார் 0.05 மில்லிலிட்டர் என்று வைத்தால், நிமிடத்துக்குப் பத்துச் சொட்டு என்பது நாளெல்லாம் எஞ்சின் ஓடினாலும் முக்கால் லிட்டர்கூட ஆகாது. நொடிக்கு ஒரு சொட்டு என்று, நின்ற படகிலும் ஓயாமல் விழுந்தால் நாளுக்கு நான்கு லிட்டருக்கு மேல். இரண்டு மாதம் யாரும் எட்டிப் பார்க்காத படகில் அது 250 லிட்டரைத் தாண்டும், அதற்குள் பில்ஜ் பம்பின் பேட்டரியும் தீர்ந்திருக்கும். படகுகள் நடுக்கடலைவிடக் கட்டிவைத்த இடத்திலேயே அதிகம் மூழ்குகின்றன என்று காப்பீட்டுக்காரர்கள் சொல்வதில் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு.

சொட்டை நிறுத்தியே தீருவேன் என்று நட்டை இறுக்குபவரிடம் பேக்கிங் வேறு விதமாகப் பழிவாங்கும். கயிறு காய்ந்து கருகும், தண்டில் வட்டப் பள்ளம் விழும், பிறகு எந்தக் கயிறும் அந்தத் தண்டில் நிற்காது. எஞ்சின் ஓடும்போது பெட்டியின்மேல் கை வைத்தால் இளஞ்சூடு இருக்கலாம், கையை எடுக்கும் அளவு சூடு இருக்கக்கூடாது. டெஃப்லான் தோய்த்த பேக்கிங்கும், கோர் நிறுவனத்தின் கிராஃபைட் கலந்த ஜி.எஃப்.ஓ. வகையும் ஏறக்குறைய சொட்டே இல்லாமல் ஓடும். கிராஃபைட் உப்புநீரில் எஃகுத் தண்டை மின்வேதி முறையில் அரிக்கும் என்ற கவலை சிலருக்கு உண்டு, பொருட்படுத்த வேண்டிய கவலைதான். அதே ஆட்கள் கார்பன் வளையம் எஃகு முகத்தில் உரசும் சீலை வாங்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்பதையும் சொல்லிவைக்கலாம்.

சொட்டாத சீல்கள் இரண்டு குடும்பம். ஒன்று உதட்டுச் சீல். ரப்பர் உதடுகள் தண்டைத் தழுவி நிற்கும். வோல்வோ பென்டாவின் கறுப்பு ரப்பர் சீல் இதில் மிக எளியது, ஒரே ரப்பர் துண்டு. படகை நீரில் இறக்கியதும் அதை விரலால் அமுக்கி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். நீர் பீறியதும் விட்டுவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறை துளி கிரீஸ், சில ஆண்டுக்கு ஒருமுறை புதுச் சீல், அவ்வளவுதான் பராமரிப்பு. பொருத்தும்போது ஒரு கண்டம் உண்டு. தண்டின் முனையில் சாவி உட்காரும் பள்ளத்தின் விளிம்பு கத்திபோல் இருக்கும், அதன்மேல் சீலை வெறுமனே தள்ளினால் உதடு கிழியும். அதற்காகவே தண்டின் முனையில் மாட்டிக்கொள்ள மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்று தருகிறார்கள். டைட்ஸ் மரீன் போன்றவர்களின் சீலில் உதடு தனி உறைக்குள் இருக்கிறது. மாற்று உதடு ஒன்றையும் தண்டிலேயே முன்கூட்டிக் கோத்துவைக்கலாம். பழையது போனால் கப்ளிங்கைக் கழற்றாமல், படகைக் கரையேற்றாமல் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. கெட்டிக்கார யோசனை. உதட்டுச் சீலுக்கு ஆகாதது கரடுமுரடான தண்டு. உதடு பல ஆண்டு உரசிய இடத்தில் மயிரிழைப் பள்ளம் விழுந்திருந்தால் புதிய உதட்டைச் சற்றுத் தள்ளி உட்கார்த்த இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு குடும்பம் முகச் சீல். அமெரிக்காவின் பி.ஒய்.ஐ. நிறுவனத்தின் பி.எஸ்.எஸ். இதில் பெயர் பெற்றது. ஸ்டெர்ன் டியூபில் மடிப்பு மடிப்பான ரப்பர் துருத்தி, அதன் முன்முனையில் சுழலாத கார்பன் வளையம், தண்டோடு சேர்ந்து சுழலும் எஃகு வளையம். எஃகு வளையத்தைப் பின்னுக்குத் தள்ளித் துருத்தியை முக்கால் அங்குலம், ஓர் அங்குலம் என்று தண்டின் அளவுக்கேற்ப அமுக்கிவைத்து, திருகுகளால் தண்டில் பூட்ட வேண்டும். அமுங்கிய துருத்தி கார்பனை எஃகு முகத்தோடு அழுத்திக்கொண்டே இருக்கும். பளபளப்பான இரு முகங்களுக்கு நடுவே நீர்ப்படலம், வெளியே ஒரு சொட்டு இல்லை.

இதில் சின்ன விதிகள் நிறைய, ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. கார்பன் முகத்தில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. எஃகு வளையத்தின் ஓ-வளையங்கள் தண்டில் வழுக்கிச் செல்லப் பாத்திரம் கழுவும் சோப்புநீர் போதும். பூட்டுத் திருகு ஒவ்வொன்றின் மேலும் அதே துளையில் இன்னொரு திருகை இறக்கிக் காவல் வைக்க வேண்டும். கழற்றிய திருகைத் திரும்பப் போடக்கூடாது, அதன் முனை ஏற்கெனவே மழுங்கியது. எஃகு வளையம் முன்னுக்கு நகர்ந்தால் துருத்தியின் அழுத்தம் போய்விடும், முகங்கள் பிரியும், கடல் உள்ளே வரும். அதற்காக வளையத்துக்கு முன்னால் ஒரு பூட்டுக் கழுத்துப்பட்டை போடுவது வழக்கமாகிவருகிறது. விலை மிகக் குறைவு, போடாததற்குச் சாக்கு இல்லை. டியூபில் காற்று தங்கினால் முகங்கள் காய்ந்து கீச்சிடும், எஞ்சின் அறையில் கரித்தூள் படியும். அதற்காகச் சீலிலிருந்து ஒரு சிறு குழாய் மேலே போகிறது. அதன் முனை நீர்மட்டத்துக்கு இரண்டடி மேலே, படகின் நடுக்கோட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். பாய்ப்படகு சாய்ந்து ஓடுவது. ஓரத்தில் கட்டிய குழாய் முனை சாயும்போது நீர்மட்டத்துக்குக் கீழே போய், கடல்நீரைப் படகுக்குள் கொட்டும். துருத்தியை ஆறாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார் தயாரிப்பாளர். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று பதினைந்து ஆண்டு ஓட்டுகிறவர்கள் நிறைய. ரப்பரின் வயதைப் பார்வையால் அளக்க முடியாது.

பேக்கிங் கெட்டால் சொட்டு பெருகும், காதில் விழும், கண்ணில் படும். துருத்தி கிழிந்தால் கதை வேறு. அரை மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் தண்டைச் சுற்றி ஆறு சதுர சென்டிமீட்டர் இடைவெளி திறந்துகொண்டால், வெளிப்புற பேரிங் நீரை மறிக்காத நிலையில், நிமிடத்துக்கு அறுபது லிட்டர் போல உள்ளே வரும். இதைக் காட்டிப் பேக்கிங் கட்சியினர் வெற்றிக்கொடி ஏற்றுவது வழக்கம். ஆனால் பேக்கிங் பெட்டியைத் தாங்கி நிற்பதும் ரப்பர் குழாய்தானே. அது கிழிந்தாலும் அதே அறுபது லிட்டர்தான். இரு முனையிலும் இரண்டிரண்டு கிளிப், திருகு உட்பட முழுக்க 316 எஃகில், திருகுத் தலைகள் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்க வேண்டும். உள்ளே கம்பிச்சுருள் இல்லாத தடித்த பலமடிக் குழாயாக இருக்க வேண்டும். பட்டை எஃகு, திருகு மட்டும் மலிவு உலோகம் என்று வரும் கிளிப் மேலே மின்னிக்கொண்டே அடியில் துருப்பிடித்துத் தெறிக்கும். பேக்கிங்கா முகச் சீலா என்று மாதக்கணக்கில் சண்டை போடுகிறவரின் படகில் குழாய் இருபது வயதாகக் கிடப்பதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

இனி அலைன்மென்ட்.

எஞ்சினும் தண்டும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும் என்பது எல்லாரும் ஒப்புக்கொள்ளும் செய்தி. எவ்வளவு துல்லியமாக என்று கேட்டால்தான் முகம் மாறும். வழிவழியாக வரும் அளவு இது: கப்ளிங் தட்டின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. நான்கு அங்குலத் தட்டானால் சுற்றிலும் எங்கும் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி வித்தியாசம் ஆகாது. சராசரித் தலைமுடியின் தடிமனுக்குப் பக்கத்தில் வரும் அளவு, ஒன்றரை ஆள் எடையுள்ள, ரப்பர் கால்களில் நிற்கும் இரும்பில்.

முதலில் ஒரு தடை. படகு கரையில் முட்டுக்கொடுத்து நிற்கும்போது செய்த அலைன்மென்ட் கணக்கில் வராது. கண்ணாடியிழைப் படகும் வளையும். கரையில் கீலில் உட்கார்ந்திருக்கும் உடல், நீரில் மிதக்கும்போது வேறு வடிவம் எடுக்கும். பின்பக்கக் கம்பியை இறுக்கினால் இன்னும் கொஞ்சம் வளையும். படகை இறக்கி, பாய்மரமும் கம்பிகளும் வழக்கமான இறுக்கத்தில், டாங்கிகள் வழக்கமான அளவில் இருக்க, ஓரிரு நாள் விட்ட பிறகே அளக்க வேண்டும். கரையில் தோராயமாகச் செய்துவைப்பது நல்லதுதான். அதோடு வேலை முடிந்தது என்று பில் போடும் பட்டறைகள் இருக்கின்றன.

போல்ட்டுகளைக் கழற்றித் தண்டை ஒரு விரற்கடை பின்னுக்குத் தள்ளினால் தண்டின் முன்முனை, தட்டின் பாரத்தோடு, கீழே தொய்யும். தொய்ந்த தண்டுக்கு எஞ்சினைச் சமன் செய்தால் அது பொய்யான சமன். வில்தராசு ஒன்றை மேலே கட்டி, தட்டின் முழு எடையோடு வெளியே நீண்டிருக்கும் தண்டின் எடையில் பாதியையும் தூக்கிப் பிடித்தால் தண்டு தன் உண்மையான கோட்டுக்கு வரும். ரப்பர் குழாயும் சீலும் தண்டைத் தம் பக்கம் இழுக்கக்கூடும் என்பதால், முடிந்தால் அவற்றையும் தளர்த்திப் பார்ப்பது உத்தமம். ஸ்டெர்ன் டியூபுக்குள் தண்டு நடுவில் நிற்கிறதா என்று இப்போதே பார்க்க வேண்டும். தண்டு ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால் சிக்கல் எஞ்சினில் இல்லை. ஸ்ட்ரட் வளைந்திருக்கலாம், கட்லெஸ் பேரிங் தேய்ந்திருக்கலாம்.

பிறகு தட்டுகளைக் கையால் ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். ஒன்றின் நடுவில் உள்ள மெல்லிய மேடு மற்றதன் பள்ளத்தில் முட்டாமல் நழுவி உட்கார்ந்தால் உயரமும் பக்கவாட்டும் சரி. உட்காரவில்லை என்றால் சுத்தியலைத் தேடாமல் மவுன்ட்டைத் தேட வேண்டும். அடுத்தது கோணம். தட்டுகள் தொட்டும் தொடாமலும் நிற்கையில் ஃபீலர் கேஜின் 0.1 மில்லிமீட்டர் தகட்டை மேலே, கீழே, இரு பக்கமும் நுழைத்துப் பார்க்க வேண்டும். மேலே நுழைந்து, கீழே நுழையவில்லை என்றால் தகடுகளைக் கூட்டிக்கூட்டி மேல் இடைவெளியை அளக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் தட்டில் மேலே 0.2 மில்லிமீட்டர் திறப்பு, முன் மவுன்ட்டுக்கும் பின் மவுன்ட்டுக்கும் 500 மில்லிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். மேலே திறந்திருந்தால் எஞ்சினின் முன்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று பொருள். 0.2-ஐ 500-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டர். முன் மவுன்ட் இரண்டையும் ஒரு மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் புரியுள்ள நட்டானால் அரைச் சுற்று. இந்தக் கணக்கைப் போடாமல் நட்டைத் தோன்றியபடி திருகி, ஒரு நாள் முழுக்க எஞ்சினோடு மல்லுக்கட்டுகிறவர்கள் பலர். உயர்த்தியதும் தட்டின் மையமும் சற்று நகர்ந்திருக்கும் என்பதால் உயரத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். பக்கவாட்டுக்கு நட்டு கிடையாது, மவுன்ட்டின் நீள்துளையில் எஞ்சினைக் கடப்பாரையால் நெம்பி நகர்த்துவதுதான். நான்கு காலும் சமமாகப் பாரம் தாங்குகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஒரு கால் சும்மா நின்றால் எஞ்சின் முடுக்கும்போது அலைன்மென்ட் ஓடிப்போகும்.

அளவு சரியாக வந்த பிறகு ஒரு சோதனை பாக்கி. தண்டை மட்டும் கால் சுற்றுத் திருப்பி மறுபடி அளக்க வேண்டும். திறப்பு அதே இடத்தில் நின்றால் எஞ்சின் கோணம் தப்பு. திறப்பு தண்டோடு சேர்ந்து சுற்றி வந்தால் தட்டின் முகம் கோணல், அல்லது தண்டே வளைந்திருக்கிறது. அதை மவுன்ட்டால் திருத்த முடியாது. தண்டையும் தட்டையும் கடைசல் பட்டறைக்கு அனுப்பி, இரண்டையும் பொருத்திய நிலையிலேயே முகத்தைக் கடைந்து வாங்க வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாததால் வீணாகத் திருகப்பட்ட நட்டுகளுக்குக் கணக்கு இருக்காது. நடுவே ஒரு ரப்பர் கப்ளிங் போட்டால் எல்லாம் தானே சரியாகும் என்ற நம்பிக்கையும் உண்டு. அது அதிர்வை வாங்கிக்கொள்ளும், கோணலை மறைக்கும். கோணல் பேரிங்கைத் தின்பதை நிறுத்தாது.

சீல் வகைகளின் குணம் இங்கேதான் உண்மையில் வேறுபடுகிறது, அது கடைக்காரர் சொல்லும் வேறுபாடு அல்ல. தண்டு ஆடினால் பேக்கிங் உடனே கசிந்து காட்டிக்கொடுக்கும். நட்டை இறுக்க இறுக்க மறுபடி கசியும் பேக்கிங் கயிற்றைக் குறை சொல்லவில்லை, எஞ்சினைக் காட்டுகிறது. முகச் சீலின் துருத்தி ஆட்டத்தை வாங்கிக்கொண்டு காய்ந்தே இருக்கும். இது அதன் சிறப்பு என்று விற்கிறார்கள், சிறப்புதான். ஆனால் அந்தக் காய்ந்த பில்ஜுக்குக் கீழே கட்லெஸ் பேரிங் ஒருபக்கமாகத் தேய்ந்துகொண்டிருக்கும், கியர்பாக்ஸின் பின் சீலில் எண்ணெய் கசியத் தொடங்கியிருக்கும். பழைய படகில் அலைன்மென்ட் பார்க்காமல் பேக்கிங்கை எடுத்துவிட்டு முகச் சீல் போடுவது, சொல்லிக்கொண்டிருந்த வாயை அடைப்பதுதான்.

வேலையில் பெரும்பாடு எது என்று கேட்டால் சீலும் இல்லை, அலைன்மென்ட்டும் இல்லை. தண்டிலிருந்து பழைய கப்ளிங் தட்டைக் கழற்றுவது. வார்ப்பிரும்புத் தட்டு, எஃகுத் தண்டு, இருபதாண்டு உப்புக்காற்று. கியர்பாக்ஸ் தட்டுக்கும் தண்டுத் தட்டுக்கும் நடுவே தண்டின் முனையில் ஒரு சாக்கெட்டை வைத்து, நீளமான போல்ட்டுகளைச் சமமாக மாற்றி மாற்றி இறுக்கித் தண்டைப் பின்னுக்குத் தள்ளுவது பழைய உத்தி. வந்தால் வரும். வராவிட்டால் தட்டை அறுத்தெடுத்துப் புதியது வாங்குவது, கியர்பாக்ஸின் பேரிங்கைச் சுத்தியலால் கெடுப்பதைவிட மலிவு. தண்டு வெளியே வந்த அன்று அதைக் கண்ணால் பார்க்காமல் விடக்கூடாது. துருப்பிடிக்காத எஃகுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். பேக்கிங்குக்கு அடியில் அசையாத நீரில் கிடந்த பகுதியில் ஊசி குத்தியது போன்ற குழிகள் விழுந்திருக்கும், மேலே சிறிதாகத் தெரிந்து உள்ளே ஆழமாக. அத்தகைய தண்டில் புதிய சீல் போடுவதில் பொருளில்லை. கட்லெஸ் பேரிங்கையும் அன்றே மாற்றிவிடலாம், இன்னொருமுறை தண்டை உருவும் கூலி மிச்சம். தண்டைத் திரும்ப மாட்டும்போது, ஸ்ட்ரட்டுக்கு முன்னால் சிறிது இடைவெளி விட்டு ஒரு துத்தநாகக் கழுத்துப்பட்டை பூட்டிவைப்பவர்களைப் பாராட்ட வேண்டும். ரிவர்ஸ் போடும்போது கப்ளிங் விட்டுவிட்டால் தண்டு பின்னால் உருவிக்கொண்டு போகாமல் அது தடுக்கும். உருவிப்போன தண்டு விட்டுச்செல்லும் துளைக்கு முன்னால் எந்தச் சீலும் பேச்சுக்கு வராது.

எதைப் போடலாம் என்று நேராகக் கேட்டால், படகின் பக்கத்தில் வசித்து, வாரம் ஒருமுறை எஞ்சின் அறையைத் திறந்து பார்ப்பவருக்குப் பேக்கிங்கே போதும். நீண்ட கடற்பயணம் போகிறவர்களும் அதையே விரும்புவதில் நியாயம் இருக்கிறது. கயிறு சில டாலர், எந்தத் துறைமுகத்திலும் கிடைக்கும், நீரில் மிதந்தபடியே மாற்றலாம். பில்ஜ் ஆழமில்லாமல், சிறு நீரும் தரைப்பலகைக்கு ஏறிவிடும் படகுகளில் சொட்டாத சீலுக்குக் கொடுக்கும் சில நூறு டாலர் வீணல்ல. அவற்றில் எனக்கு உதட்டுச் சீல்மேல் கொஞ்சம் சாய்வு. அமுக்கிவைத்த துருத்தியை நம்பி இருக்கும் சீலைவிட, அமுக்கமே தேவைப்படாத சீல் மெதுவாகக் கெடும். பாயில் ஓடும்போது கியரை நியூட்ரலில் விட வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்லும் யான்மார் எஞ்சினை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அவர்கள் படகில் எஞ்சின் மணிமீட்டர் ஓடாத நேரத்திலும் தண்டு சும்மா சுழன்றுகொண்டிருக்கும், சீலும் தேய்ந்துகொண்டிருக்கும்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்று 1970-களில் வந்தது சேல்டிரைவ். தண்டும் அலைன்மென்ட்டும் கிடையாது, கியர்பாக்ஸின் கால் படகின் அடியைத் துளைத்து நேராக இறங்கும். துளை சிறியதாகவில்லை, பல மடங்கு பெரியதானது. அதை மூடுவது ஒரு ரப்பர் சவ்வு, ஏழாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது வோல்வோ, மாற்ற எஞ்சினை நகர்த்தியாக வேண்டும். புதிய பாய்ப்படகுகளில் பெரும்பாலானவை இப்படியே வருவதால், தண்டுள்ளவை இனி அதிகமும் பழைய படகுகளாகவே கைமாறும். அப்படி ஒன்றைப் பார்க்கப் போகிறவர் சீலின் பிராண்டைக் கேட்கும் முன் டார்ச்சோடு எஞ்சினுக்குப் பின்னால் குனியட்டும். மவுன்ட்டுகளுக்கு அடியில் கறுப்பு ரப்பர் தூள் கிடக்கிறதா, கிளிப் திருகில் செந்துரு இருக்கிறதா, எஃகு வளையத்துக்கு நேர்மேலே பலகையில் உப்புத் தெறிப்பு அரைவட்டமாகப் படிந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். பிறகு வெளியே வந்து புரொப்பெல்லரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கட்டும். டொக் என்று சத்தம் கேட்டால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.